பதில் சொல்லாதவர்களின் கழுத்து

எங்கள் ஊர் மொட்டைப்பொத்தையில் மலையை உடைத்தது பாதி வெடிமருந்து, பாதி உச்சிமாகாளியின் வாய். சந்தேகப்படுகிறவர்கள் வந்து எங்களில் எவர் கழுத்தை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இடது காதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இன்றைக்கும் ஒரு மாதிரி கறுத்துத்தான் கிடக்கிறது, கல் சுமக்கிறவளுக்கும் அப்படித்தான், டீக்கடைக்காரருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். என் பெயர் கோமு, குவாரியில் ஜல்லி உடைக்கிறவள்.

உச்சிமாகாளி அந்தக் குவாரியின் வெடிக்காரர், மேஸ்திரியும் அவரே. பாறையில் துளை போட்டு மருந்து அடைத்த பிறகு, திரிக்குத் தீ வைக்கிறவன் அதற்கு முன்னால் குழியில் நிற்கிற எல்லாரையும் வாய் வலிக்கத் திட்ட வேண்டும் என்பதும், திட்டு வாங்குகிறவர்கள் வாயே திறக்கக் கூடாது என்பதும், திறந்தால் கல் திரும்பும், அதாவது பள்ளத்துக்குப் போக வேண்டிய கல் பதில் சொன்னவனைத் தேடி வரும் என்பதும் எங்கள் குவாரியின் முறை. திட்டி முடித்துத் தீ வைத்த பிறகு விசில் ஊதுவார், நாங்கள் ஓடி ஒளிவோம். யார் வைத்த முறை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பதிலே சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களையும் கல் அடித்துத்தான் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று இருக்கிறவர்கள் அதையெல்லாம் உட்கார்ந்து யோசிப்பார்களா?

அவர் வாய் குழியோடு நிற்கவில்லை. நாளைக்குத் தீ வைக்கப் போகிறவர் அல்லவா, அதனால் இன்றைக்கு டீக்கடையில் திட்டினாலும் பதில் சொல்லக் கூடாது, கோயில் கொடைத் திருவிழாவில் திட்டினாலும் சொல்லக் கூடாது, கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் வைத்துத் திட்டினாலும் சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட வேண்டும். செத்த மூதி என்பார், சவத்துப் பயலே என்பார், உன் வயிற்றில் புழு வைக்க என்பார். பிள்ளை இல்லாதவளிடம் பிள்ளை இல்லாததைச் சொல்லுவார், புருஷன் ஓடிப்போனவளிடம் அவன் ஏன் ஓடிப்போனான் என்று சொல்லுவார். ஓடிப்போனது என் புருஷன். நாங்கள் விழுங்கினோம், மழையிலும் விழுங்கினோம், வெயிலிலும் விழுங்கினோம், காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாளிலும் விழுங்கினோம். எங்கள் எல்லாரையும்விட அதிகம் விழுங்கியது அவர் மனைவி உலகம்மாள்தான், ஏனென்றால் காலையில் வெடிக்காரன் பெண்டாட்டி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் மத்தியானம் குழியில் யாராவது ஒருவர் தலை போகும் என்று எங்கள் பெண்களே அவள் காதில் போட்டு வைத்திருந்தார்கள்.

அவர்களுக்கு இசக்கிதுரை என்று ஒரே மகன். மீசை அரும்பின வயதில் அப்பனோடு வேலைக்கு வந்தவன், ஒருநாள் குழிக்குள் நின்றபடி அப்பனுக்குப் பதில் சொல்லிவிட்டான். கல் வந்தது. சாக்கில் சுற்றித் தூக்கி வந்து முற்றத்தில் இறக்கினோம், முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை, உலகம்மாள் அவனுடைய கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உச்சிமாகாளி குனிந்து பார்த்தார்.

"வாய் கொழுத்துச் செத்தாம்ல, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பெற்றவளே ஒப்புக்கொண்ட பிறகு நாங்கள் என்ன சொல்ல? அன்றையிலிருந்து எங்கள் ஊரில் அவருக்கு எதிரே இருமக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்படிப்பட்ட வாயில்தான் புண் வந்தது. புகையிலையை எப்போதும் இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒன்று தடித்து, ஆறாமல், காரம் பட்டால் காது வரைக்கும் இழுத்தது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சதை கிள்ளிப் பார்த்தார்கள், கேன்சர் என்றார்கள். ஆரம்பம்தான் என்று சொல்லி நாக்கின் ஓரத்தில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு வெட்டி எடுத்துத் தைத்தார்கள், கழுத்தையும் கீறி நெறிக்கட்டிகளை வழித்து எடுத்தார்கள். பிறகு அங்கே இருந்த டாக்டரம்மா புருஷனையும் பெண்டாட்டியையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாராம்: வெட்டியது நன்றாகத்தான் வெட்டியிருக்கிறது, ஆனால் வெட்டிய விளிம்புக்கு ரொம்பப் பக்கம் வரைக்கும் நோய் வந்திருக்கிறது, நரம்பையும் தொட்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருந்தால் அது திரும்ப வரும், வந்தால் ஆளைக் கொண்டுபோய்விடும், அதனால் ஆறு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், சனி ஞாயிறு தவிர ஒருநாள் விடக்கூடாது.

தையல் போட்ட நாக்கோடு அவர் வீட்டில் கிடந்த நாட்கள் மாதிரி எங்கள் ஊர் என்றைக்கும் இருந்ததில்லை. கோழி கூவுவது கேட்டது. வள்ளியூரிலிருந்து அந்தோணி என்று ஒரு புது வெடிக்காரன் வந்தான், திட்டாமலே தீ வைத்தான், நாங்கள் பயந்து நடுங்கினோம், கல் பாட்டுக்குப் பள்ளத்தில் விழுந்தது.

முதல் கரண்ட் ஒரு திங்கட்கிழமை வைத்தார்கள். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலைத்தகட்டை ஏற்கெனவே அவர் முகத்தின் மேல் இழுத்து அச்சு எடுத்து வைத்திருந்தார்கள். அந்த முகமூடியை மாட்டி, தலையும் தோளும் அசையாதபடி மேஜையோடு பூட்டி, கதவைச் சாத்திவிட்டு மெஷினை ஓடவிட்டார்கள். அங்கே மெஷின் ஓடிய அந்தப் பதினோரு மணிக்கு இங்கே நான் சம்மட்டியை ஓங்கியிருந்தேன். இடது பக்கக் கழுத்தில் யாரோ காய்ந்த தோசைக்கல்லை வைத்து அழுத்தினார்கள். சம்மட்டி என் காலருகே விழுந்தது. மேலே துளை போட்டுக்கொண்டிருந்த தவசிக்கண் மெஷினைப் போட்டுவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டான், கல் ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு உட்கார்ந்துவிட்டார்கள், டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலைத் தன் காலிலேயே கவிழ்த்துக்கொண்டார். சுடுகாட்டில் குவாரியில் செத்தவர்களுக்குக் கட்டிய சமாதிகளில் இடது பக்கச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. மத்தியானம் உச்சிமாகாளி ஆட்டோவில் வந்து இறங்கினார், அவர் கழுத்தில் ஆபரேஷன் தழும்பைத் தவிர ஒரு சிவப்புகூட இல்லை.

மறுநாளும் அதே நேரத்துக்குச் சுட்டது, அதற்கு மறுநாளும் சுட்டது. இரண்டாவது வாரத்தில் எங்களுக்கு நாக்கில் ருசி போனது, மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண், எச்சில் கெட்டியாகிக் கயிறாக இழுத்தது, கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. பதினோரு மணி நெருங்கினால் குவாரியில் எல்லாரும் கருவியைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டோம். சங்கத்தில் பேசி உப்பும் சோடா மாவும் கரைத்த தண்ணீரை ஒரு டிரம்மில் வைத்தார்கள், ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொப்பளித்தோம். டீக்கடையில் வடையை நிறுத்திவிட்டு ஆறின கஞ்சி விற்றார்கள். தேங்காய் எண்ணெய் கிடைக்காமல் போனது. கல்யாணங்களைச் சனி ஞாயிறுக்கு மாற்றினார்கள், பந்தியில் மிளகாய் போடவில்லை. கழுத்து சுடாதவர்களை ஊர் சந்தேகமாகப் பார்த்தது, அவர்கள் வெடிக்காரருக்கு வேண்டியவர்கள் என்று பேச்சு வந்தது, அவமானம் தாங்காமல் ஒருவன் தானே சூட்டுக்கோல் வைத்துக்கொண்டான். யாருக்குப் புண் பெரியது என்பதில்கூட எங்களுக்குள் ஒரு பெருமை இருந்தது, வெட்கக்கேடு.

யாருக்கும் தெரியாமல் இல்லை. அவர் எங்களை ஏசிய ஏச்சின் அளவுக்குத்தான் எங்களுக்குச் சுட்டது, அதிகம் வாங்கியவருக்கு அதிகம், கொஞ்சம் வாங்கியவருக்குக் கொஞ்சம். வாங்கினதும் நாங்கள், இப்போது வேகிறதும் நாங்கள். அந்த மனிதர் மாத்திரம் நாக்குத் தையல் ஆறி, முகம் தெளிந்து, சாயங்காலம் கறிக்குழம்பு விட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறுகிற உலகம்மாளுக்கோ கழுத்து மொத்தமும் சதை தெரிந்தது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை பொறுமை அறுந்தது. அவருடைய ஆட்டோ ஊருக்குள் திரும்புகிற முக்கில் கல்லை உருட்டிப்போட்டு மறித்தோம். ஆண்கள் அவரை இழுத்து வெளியே போட்டார்கள், தவசிக்கண் துளைக்கம்பியால் அவர் தோளில் போட்டான், கூடைக்காரப் பெண்கள் மிதித்தார்கள், ஆட்டோவின் கண்ணாடி நொறுங்கியது, அவருடைய மூக்கிலிருந்து ரத்தம் தார் ரோட்டில் வழிந்தது. இத்தனைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடிக்கிறதற்கு எங்களுக்குப் பயம் இல்லை, பதில் சொல்லத்தான் பயம். அப்படிப்பட்ட மடையர்கள் நாங்கள். மூச்சு வாங்குகிற சத்தமும் அடி விழுகிற சத்தமும் மட்டும் கேட்டன.

அப்போது அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். குழறுகிற நாக்கை இழுத்து, "போடி... புருசன் ஓடுன மூதி" என்றார்.

எனக்குள் என்ன ஆனதோ தெரியாது.

"ஆமாலே, ஓடித்தான் போனான்!" என்று கத்தினேன். "ஒம் ஏச்சுக்குப் பயந்து ஓடுனாம்ல! நடுக் குழியில வச்சு ஊரு முன்னால நீ அவனப் பொட்டப் பயன்னு சொன்னியே, அன்னைக்கு ராத்திரி எம் மூஞ்சியப் பாக்க முடியாம ஓடுனாம்ல, எடுபட்ட பயலே! எம் பொழப்பக் கெடுத்தவனே! நீ நாசமாப் போவ! ஒன் வாயில மண்ணு விழ!"

சொல்லி முடித்தேன், கழுத்தில் பச்சைத்தண்ணீர் ஊற்றினதுபோல் குளிர்ந்தது. கையை வைத்துப் பார்த்தேன், புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கீழே கிடந்த அவருடைய கழுத்தில், இடது பக்கம், கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் கறுத்து வெடித்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தார்கள். அப்பா, என்ன வாய்! எத்தனை வருஷத்து வார்த்தை! புண்ணான வாய்களிலிருந்து ரத்தமும் எச்சிலுமாக அது வந்து அவர் மேல் விழுந்தது, ஒருத்தி பிள்ளை இல்லாததற்குப் பதில் சொன்னாள், ஒருவன் சாதியைச் சொல்லி ஏசியதற்குப் பதில் சொன்னான், ஒருவன் என்ன சொல்வதென்று தெரியாமல் வெறுமனே ஊளையிட்டான், அதற்கும் அவன் கழுத்து குளிர்ந்தது. குவாரியில் செத்தவர்களுக்காக அவர்களைப் பெற்றவர்கள் சொன்னார்கள், சமாதிகளில் சுண்ணாம்பு உதிர்வது அன்றோடு நின்றது. உச்சிமாகாளி காதைப் பொத்திக்கொண்டு புழுவாகச் சுருண்டார், சுருளச் சுருள அவருடைய கழுத்து வெந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். நான் கொடுத்தது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசை, வேறு எந்த நல்லெண்ணமும் இல்லை. அன்றைய கரண்ட் முடிந்து அவர் கழுத்தைப் பார்த்ததும் டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

"இப்பத்தாம்மா எனக்கு உயிரே வந்துச்சு. மெஷின் சரியாத்தான் விடுது, ஆனா கதிரை அளக்க இவர் கழுத்துல நாங்க ஒட்டி வைக்கிற வில்லையில ஒண்ணுமே பதியலை. கதிர் எங்கயோ போயிட்டு இருந்துச்சு. இவர் மேல விழுந்தாத்தானே இவருக்குக் குணமாகும்? இப்ப விழ ஆரம்பிச்சிருக்கு. பாதி விழுது."

"மீதிப் பாதி?"

"அதுவும் விழணும். பாதி மருந்துக்கு இந்த நோய் பயப்படாது. கடைசி நாளுக்குள்ள முழு அளவும் சேரலைன்னா திரும்ப வந்துரும், நான் உறுதியாச் சொல்றேன்."

உச்சிமாகாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புத்தி கூர்மை, அதில் குறை சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே வீடு வீடாகப் புறப்பட்டுவிட்டார். வாசலில் நின்று, வெந்த வாயால், "ஏசுங்க... மிச்சம் இருந்தா ஏசுங்க, தாயி, ஐயா, ஏசுங்க" என்று கையேந்தினார். குவாரியை விட்டுப்போய் வேறு ஊர்களில் இருந்தவர்களும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள், ஏசிவிட்டு, துணியை அவிழ்த்து அவர் வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் ஏசிவிட்டு அறைந்தார்கள், சிலர் முகத்தில் துப்பினார்கள். அவர் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

தவசிக்கண்ணுக்கு மட்டும் குளிரவில்லை. மூன்று தடவை வந்து ஏசினான், அம்மாவையும் அப்பாவையும் இழுத்து ஏசினான், புண் அப்படியே இருந்தது. நான்காவது தடவை வந்தபோது அவன் ஏசவில்லை. முற்றத்தில் நின்று அழுதான்.

"மேஸ்திரியாரே, விசில் ஊதலய்யா நீரு" என்றான்.

உச்சிமாகாளி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"திரிய மொதல்லயே பத்த வச்சிட்டீரு. பத்த வச்சா விசில் ஊதணும், நாங்க ஓடி ஒளியணும், அதான வழக்கம்? விசிலு ஓம் கழுத்துலதான் கெடந்துச்சு. ஓம் மவன் தொர பதில் சொன்னதும் ஓமக்கு அவன ஏசுததுதான் பெருசாத் தெரிஞ்சிது, திரி எரியுதத மறந்து ஏசிக்கிட்டே நின்னீரு. ஏசி முடிச்சிட்டு நீரு மட்டும் பாறைக்குப் பின்னால போனீரு. நான் மேல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நான் சத்தம் போட்டிருந்தா அவன் பொழச்சிருப்பான், ஓம் மொறைக்குப் பயந்து வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். கல்லு திரும்பலய்யா. நீருதான் கொன்னீரு."

அவன் கழுத்து ஆறியது. வீட்டுக்குள்ளிருந்து கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த உலகம்மாள் நிலைப்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். கிண்ணத்தைக் கொண்டுவந்து புருஷன் பக்கத்தில் வைத்தாள், கரண்டியையும் எடுத்து வைத்தாள், உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் குவாரியில் அந்தோணி திரிக்குத் தீ வைத்தபோது நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவனைக் கன்னாபின்னாவென்று ஏசிப் பார்த்தோம். பாவம், அந்தப் பையன் மிரண்டுபோய் விசிலை ஊது ஊதென்று ஊதினான். வெடித்தது, கல் வழக்கமான இடத்தில் விழுந்தது, ஒரு பொடிக்கல்கூட எங்கள் பக்கம் வரவில்லை. நாங்கள் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம்.

இனி அவருக்கு வர வேண்டியது எல்லாம் ஒரே ஒருத்தியிடம் இருந்தது. ஊர் முழுவதும் ஆறிவிட்டது, உலகம்மாள் மட்டும் எரிந்தாள். பதினோரு மணிக்கு அவளுடைய கழுத்து புகைவதை நானே பார்த்தேன், சேலைத் தலைப்பு கருகியது, தண்ணீர் விழுங்கினால் மூக்கு வழியே வந்தது. அப்படியும் அவள் அவருக்கு வேளை தவறாமல் கஞ்சி வைத்தாள், புண் துடைத்தாள், மாத்திரை கரைத்துக் கொடுத்தாள். ஒரு சொல் பேசவில்லை. அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏசுட்டி... ஒரு வார்த்தை ஏசுட்டி, செத்துருவேன்" என்று தரையில் தலையை மோதினார், நெற்றி உடைந்து ரத்தம் வந்தது, அவள் அந்த ரத்தத்தையும் துடைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கடைசி வாரம் நடந்துகொண்டிருந்தது.

நான் அவளிடம் போனேன். அம்மியடியில் ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மைனி, ஏசிருங்க. ஒரு வார்த்தைதான். நீங்க வேவுதத என்னால பாக்க முடியல."

"ஏசுனா அவரு பொழச்சிருவாரு கோமு" என்றாள்.

"ஏசலன்னா நீங்க செத்துருவீய."

"தெரியும்."

அவள் துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு முத்தத்துல எம் புள்ளயப் போட்டுவச்சிக்கிட்டு, வாய் கொழுத்துச் செத்தாம்னு அவரு சொன்னாரு, நான் தலைய ஆட்டுனேம்லா? பதினாறு அன்னைக்கு எல போட்டு, அதுக்கு முன்னால உக்காந்து எம் புள்ளயத்தான ஏசுனேன், ஏம்ல பதில் சொன்னன்னு? அந்தத் தலைய நான் என்ன செய்ய? வேவட்டும்."

ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஏசிக் காப்பாற்று என்று ஒரு கூட்டம், விடு, சாகட்டும் என்று ஒரு கூட்டம், டீக்கடையில் பெஞ்சு உடைந்தது, ஒருவனுக்குக் கை முறிந்தது. நான் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை, எனக்கு இரண்டு பேச்சும் சரியாகத்தான் பட்டது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஆட்டோ வந்து நின்றது, உச்சிமாகாளியைத் தூக்கி உட்காரவைத்தோம், எலும்பும் தோலுமாக இருந்தார், இனி யாரையும் எதையும் கேட்பதில்லை என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்போது உலகம்மாள் தலை சீவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு, கழுத்துப் புண்ணைத் திறந்துபோட்டபடி வந்து என் பக்கத்தில் ஏறினாள். ஊரைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"செத்தவனுக்கு என்ன தெரியும் கோமு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "எம் புள்ளைக்கு இப்ப என்ன தெரியுது? நான் அவன ஏசுனது தெரியுதா, வருத்தப்படுதது தெரியுதா? ஒண்ணும் தெரியாது. இவரும் செத்தா இவருக்கும் ஒண்ணும் தெரியாது. ராத்திரி பூரா யோசிச்சேன். அதான் வாரேன்."

உள்ளே அவரை மேஜையில் படுக்கவைத்து முகமூடியை மாட்டிப் பூட்டினார்கள். வெளியே சின்ன அறையில் ஒரு டிவியில் அவர் தெரிந்தார், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையருகே உள்ளே பேசுகிற மைக் இருந்தது. உலகம்மாள் கதவோரம் போய் நின்றாள்.

"தாயி, கடைசி நாளு. நான் அவரு பொண்டாட்டி. ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேன், அவருக்குத் தெம்பா இருக்கும்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷினை ஓடவிட்டு, பொத்தானை அழுத்தி மைக்கை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஏய், உச்சிமாகாளி" என்றாள் உலகம்மாள்.

தாலி கட்டின நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. டிவியில் அவருடைய கால்கள் உதறின. தலை அசையவில்லை, அசைய முடியாது.

"எம் புள்ளய நீ கொன்ன. கல்லும் கொல்லல, அவன் வாயும் கொல்லல, நீ கொன்ன. கொன்னுட்டு அவன் மேலயே பழியப் போட்ட, என்னையும் தலையாட்ட வச்ச. ஒனக்குச் சோறு பொங்குன கையால அவனுக்குக் கொள்ளிக்கொடம் எடுத்துக் குடுத்தேன். கேளு. நீ கொன்ன. எந்திரிச்சாலும் கேளு, படுத்தாலும் கேளு. தொரயக் கொன்னவன் நீ."

அத்தனை வாரமும் அவளுக்குள் போயிருந்தது எல்லாம் ஒரே வீச்சில் அங்கே போனது. அவளுடைய கழுத்தில் சதை மூடித் தோல் படர்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிவியில், வலைக்குள்ளே, அவருடைய கழுத்தும் தாடையும் சிவந்து, கறுத்து, பிளந்தன. முகமூடிக்குள் அவர் அலறியது மைக் வழியாக இந்த அறைக்குள் வந்தது, அது மனிதச் சத்தமாக இல்லை, விலங்குகள்கூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் பதறி எழுந்து மெஷினை நிறுத்தக் கையை நீட்டினாள்.

உலகம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், முரட்டுத்தனமாக இல்லை, பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல்தான் பிடித்தாள்.

"நிப்பாட்டாதீங்க தாயி. டாக்டரம்மா சொன்ன அளவு முடியட்டும்."

அளவு முடிந்தது. மெஷின் தானாக நின்றது.

அவர் பிழைத்துக்கொண்டார். புண் ஆற மாசக்கணக்கானது, எச்சில் வற்றிப்போய் எந்நேரமும் தண்ணீர் பாட்டிலோடு திரிகிறார், ருசி திரும்பவில்லை, ராத்திரியில் தூங்குவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லுகிறார்கள். உலகம்மாள் அதற்குப் பிறகு அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை, ஏசவேண்டிய தேவையும் இல்லை. போன மாசம் செக்கப்புக்கு அவர்களோடு நானும் போயிருந்தேன். டாக்டரம்மா விளக்கு அடித்து நாக்கைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், சந்தோஷமாகச் சிரித்தார்.

"சுத்தமா இருக்கு. நோய் இருந்த தடமே இல்ல."

உச்சிமாகாளி கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டரம்மா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

உலகம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்து, "இனி எத்தன வருசம் இருப்பாரும்மா?" என்று கேட்டாள்.

"பயமே வேண்டாம். இன்னும் இருபது வருஷம் கல்லு மாதிரி இருப்பார்."

"இருக்கட்டும் தாயி" என்றாள் உலகம்மாள். அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "இருக்கட்டும்."